பதக்கத்துக்கு முந்தைய மாலைகள்

சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டினால் அவருக்கு என்ன நஷ்டம் என்று வண்ணாரப்பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆறிலிருந்து ஒன்பது வரைதான் சவாரி. எம்.சி. ரோட்டில் துணி எடுத்த குடும்பங்கள் கைகொள்ளாத பைகளோடு நிற்கும். ஸ்டான்லி மருத்துவமனை வாசலில் நோயாளியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கை காட்டுவார்கள். வேலை முடிந்து ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்கு வீடுவரை நடக்கத் தெம்பிருக்காது. பகலெல்லாம் ஸ்டாண்டில் காத்துக்கிடந்ததற்கு அந்த மூன்று மணி நேரம்தான் ஈடு. அதை விட்டுவிட்டால் வண்டிச் செலவும் பெட்ரோலும் போக அன்றைக்கு வீட்டில் கொடுக்கக் கையில் பெரிதாக எதுவும் நிற்காது.

பள்ளிக்கூடம் விட்டு வந்து, முகம் கழுவி, எதையாவது வயிற்றுக்குப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் கேரம் போர்டின் முன்னால் வந்து உட்காரும் நேரமும் அதே ஆறிலிருந்து ஒன்பதுதான்.

புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமாவின் அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். கேரம் சொல்லிக்கொடுப்பவரும் அவரேதான். 2024 நவம்பரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் 17 வயதுக் காசிமா ஒற்றையர், இரட்டையர், குழு என்று பெண்களுக்கான மூன்று பிரிவுகளிலும் தங்கம் வென்றார். தமிழ்நாடு அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. ஓராண்டு கழித்து, 2025 டிசம்பரில், மாலத்தீவில் நடந்த உலகக்கோப்பையில் காசிமேட்டுப் பகுதியைச் சேர்ந்த 21 வயதுக் கீர்த்தனா அதேபோல மூன்று தங்கம் வென்றார். அவருக்கும் ஒரு கோடி ரூபாய் கிடைத்தது. கீர்த்தனாவின் அப்பா உயிரோடு இல்லை. அம்மா வீட்டுவேலை செய்கிறவர்.

துறைமுகத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு கிடக்கும் இந்தச் சில சதுர மைல்களிலிருந்து அடுத்தடுத்து இரண்டு உலக சாம்பியன்கள் வந்திருக்கிறார்கள். இது தற்செயல் இல்லை. இரண்டு பெண்களின் படமும் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்துவிட்டது. அவர்கள் அந்த மேடைக்கு வந்துசேரும்வரை வீட்டில் இருந்த ஒருவர் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார் என்பதற்கு மட்டும் எங்கேயும் கணக்கில்லை. இந்த வாரம் அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

*

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கேரத்தைப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள்.

போட்டிக்கான போர்டில் ஆடும் பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம். வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, ரெட்டு ஒன்று, ஆக 19 காயின். ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமைத் தாண்டக் கூடாது. பாக்கெட்டின் குறுக்களவு ஏறக்குறைய நாலரை சென்டிமீட்டர். ஸ்ட்ரைக்கரின் குறுக்களவு நாலு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். இரண்டுக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் இடைவெளிதான். வேகம் ஒரு நூல் கூடினாலும் காயினோடு சேர்ந்து ஸ்ட்ரைக்கரும் உள்ளே விழுந்துவிடும், மைனஸ் கொடுக்க வேண்டிவரும். ரெட்டைப் போட்டால் மட்டும் போதாது, உடனே தன் காயின் ஒன்றை ஃபாலோவாகப் போட்டாக வேண்டும். 25 பாயின்ட் அல்லது எட்டு போர்டு, எது முதலில் வருகிறதோ அதோடு ஒரு கேம் முடியும். மூன்றில் இரண்டு கேம் ஜெயிக்க வேண்டும். அதுவரை நாற்காலியை நகர்த்தக் கூடாது, எழுந்து எட்டிப் பார்க்கக் கூடாது. உட்கார்ந்த இடத்திலிருந்து கையும் கண்ணும் எட்டும் அளவுக்குத்தான் ஆட்டம்.

இந்த ஆட்டத்தில் தேறுவதற்குப் பெரிய மைதானம் வேண்டாம், விலை உயர்ந்த காலணி வேண்டாம். வேண்டியது மணிக்கணக்கான பழக்கம். தினம் தினம் அதே கட், அதே ரிட்டர்ன், அதே டபுள். எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கே தப்பு என்று பார்த்துச் சொல்கிறவராக அவர் இருக்க வேண்டும். பிள்ளை அலுத்துப்போகும்போது அவரும் அலுத்துப்போகக் கூடாது. அந்த எதிர் நாற்காலியில் இருப்பவர்தான் இந்தக் கட்டுரையின் நாயகர்.

கேரம் வடசென்னையில் வேர்விட்டதற்குக் காரணங்கள் இந்த மண்ணிலேயே இருக்கின்றன. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. பிறகு துறைமுகம் வந்தது. நாற்பதுகளின் கடைசியில் எண்ணூரில் பின்னாளில் அசோக் லேலண்ட் ஆன தொழிற்சாலை, 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு, அறுபதுகளில் மணலியில் சுத்திகரிப்பு ஆலை. ஷிப்டு வேலை பார்க்கும் ஊர் இது. ஒருவன் காலை ஏழு மணிக்கு வீடு திரும்புவான், இன்னொருவன் இரவு பத்துக்கு. பதினோரு பேரைச் சேர்த்து ஒரு அணி கட்ட இங்கே நேரம் ஒத்துவராது. இரண்டு பேரோ நான்கு பேரோ எப்போது வேண்டுமானாலும் கிடைப்பார்கள். காலி மனைகளெல்லாம் யார்டுகளாகவும் குடோன்களாகவும் ஆயின. எஞ்சிய சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. ஓடி விளையாட இடமில்லாத தெருவில் ஒரு பலகையைப் போட்டு, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டால் விளையாட்டுக் கூடம் தயார். படிப்பகம், நற்பணி மன்றம், கட்சிக் கிளை என்று எந்தப் பலகை மாட்டிய இடமானாலும் உள்ளே ஒரு கேரம் போர்டு இருந்தது.

2018-ல் வந்த வெற்றிமாறனின் 'வடசென்னை' படத்தில் தனுஷ் கேரம் வீரனாக வந்தார். கேரமும் கத்தியும் கலந்த கதை அது. படம் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கத்தி மட்டும்தான் நினைவில் தங்கியது என்பதில் எனக்கு இன்றுவரை வருத்தம் உண்டு.

இந்த நகரத்துக்கும் கேரத்துக்கும் இருக்கும் உறவு பழையது. சர்வதேசக் கேரம் கூட்டமைப்பு 1988-ல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான். சென்னைக்காரரான மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலக சாம்பியன். 1996-ல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. 2008-ல் பிரான்சின் கான் நகரில் நடந்த உலகப் போட்டியில், அப்போது இந்திய கேரத்தின் முடிசூடிய ராணியாக இருந்த பீகாரின் ரஷ்மி குமாரியை வீழ்த்தி உலக சாம்பியனானவர் வியாசர்பாடிப் பெண் இளவழகி. அவருடைய அப்பா மூன்று சக்கர வண்டி ஓட்டிப் பிழைத்தவர். இளவழகிக்கு இந்த ஆட்டத்தை அறிமுகப்படுத்தியதும் அவர்தான்.

இளவழகி, காசிமா என்று பதினாறு ஆண்டு இடைவெளியில் இரண்டு உலக சாம்பியன்கள். இரண்டு பேரின் அப்பாவும் மூன்று சக்கரத்தில் குடும்பத்தை ஓட்டியவர்கள், இரண்டு பேரின் முதல் வாத்தியாரும் அவர்களே. ஏன் இப்படி என்பதை என் வீட்டுக் கதையின் வழியாகத்தான் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

*

என் பெரியப்பா சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ராயபுரத்தில் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒற்றை அறை வீடு. முன்னால் ஒரு சின்னத் தாழ்வாரம். அவருடைய வலது தோள் இடதைவிடச் சற்று இறங்கியிருக்கும். உள்ளங்கை தேய்ந்து கெட்டிப்பட்டிருக்கும். மூட்டையைக் குத்தி இழுக்கும் கொக்கி வீட்டு ஆணியில் தொங்கும். அதே கையால் அவர் ஸ்ட்ரைக்கரைத் தொடும்போது மட்டும் விரல்கள் வேறு யாருடையவோ மாதிரி இருக்கும். சத்தமே வராது. காயின் நகர்ந்து போய் பாக்கெட்டின் விளிம்பில் தயங்கி, பிறகு விழும்.

1983 டிசம்பரில் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறந்தார்கள். நாட்டிலேயே முதலாவது என்று பெருமையாகப் பேசப்பட்டது. பெரியப்பாவும் அவர் செட்டு ஆட்களும் அதைப் 'பொட்டி' என்றார்கள். பெட்டிகள் பெருகப் பெருக மூட்டைக்கு ஆள் தேவை குறைந்தது. வேலை இல்லாத நாட்கள் கூடின. அந்த நாட்களில் சாராயக் கடைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். பெரியப்பா தாழ்வாரத்தில் போர்டைப் போட்டார். இரும்பு டிரம் ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் பலகையை வைத்து, மேலே தகர மூடி போட்ட பல்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். தெருப் பிள்ளைகள் யார் வந்தாலும் சொல்லிக்கொடுத்தார். பைசா வாங்கியதில்லை.

காலையில் எழுந்ததும் அவர் செய்யும் முதல் வேலை போர்டைத் துடைப்பது. நிலக்கரியும் இரும்புத் தாதும் துறைமுகத்தில் இறங்கிய காலம் அது. ராயபுரத்தின் மொட்டைமாடியில் காயும் வேட்டி சாயங்காலத்துக்குள் சாம்பல் பூத்துவிடும். குழந்தைகளுக்குச் சளி விட்டபாடில்லை. போர்டின்மேல் துணி போட்டு மூடினாலும் மெல்லிய கறுப்புத் தூசி எப்படியோ உள்ளே போய்விடும். அந்தத் தூசி ஒட்டிக்கொண்டால் பவுடர் பிசுபிசுக்கும், காயின் இழுக்கும். உலர்ந்த துணியால் ஒருமுறை, பிறகு உள்ளங்கையால் ஒருமுறை, கடைசியில் விளக்கைப் போட்டுக் கன்னத்தைப் பலகையோடு ஒட்டிவைத்துப் பக்கவாட்டில் ஒருமுறை பார்ப்பார். அதன்பிறகுதான் காபி. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் 2011-ல் நிலக்கரியும் இரும்புத் தாதும் இங்கே இறங்குவது நின்றது. நிலக்கரி எண்ணூர்ப் பக்கம் போனது, தூசியும் அந்த ஜனங்கள் தலையில் விடிந்தது. அதைப் பார்க்கப் பெரியப்பா இல்லை.

"இன்னாடா அவசரம்? காயின் எங்கியும் ஓடிப்பூடாது" என்பார். அவர் சொல்லிக்கொடுத்ததில் பாதி அந்த ஒரு வாக்கியம்தான். நாங்கள் எல்லோரும் அடிக்கத்தான் ஆசைப்பட்டோம். ஸ்ட்ரைக்கர் மோதும் சத்தம் தெருமுனைவரை கேட்க வேண்டும் எங்களுக்கு. அவர் விரலைப் பிடித்து, "அடிக்காத, தள்ளு" என்பார். மரிய இருதயம் உலக சாம்பியனானபோது பத்திரிகையில் வந்த படத்தை வெட்டி, சோற்றுப்பசையால் தாழ்வாரச் சுவரில் ஒட்டினார். "நம்ம மெட்ராஸ் ஆளு" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார்.

அவர் மகள், எனக்கு அக்கா, அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். தாழ்வாரத்துப் பையன்கள் எல்லோரையும்விட நன்றாக ஆடுவாள். வயசுக்கு வந்த பெண் தெருவைப் பார்த்த தாழ்வாரத்தில் பையன்களோடு உட்கார்ந்து ஆடுவதா என்று பேச்சு கிளம்பியது. பேசியவர்கள் எதிரிகள் இல்லை. சித்தி, அத்தை, பக்கத்து வீட்டு ஆயா எல்லோரும்தான். "பொம்பளப் புள்ளைய இப்டி உக்கார வச்சுக்கினு கீறியே, நாளைக்கு யார் வந்து கேப்பாங்க?" என்று என் பாட்டியே கேட்டாள்.

பெரியப்பா சண்டை போடவில்லை. மறுநாள் வீட்டுக்குள் இருந்த ஒரே கட்டிலைத் தூக்கித் தாழ்வாரத்தில் போட்டார். போர்டை அறைக்குள் கொண்டுபோனார். அன்றிலிருந்து அவர் படுத்தது தாழ்வாரத்தில், தெருவிளக்கு வெளிச்சத்தில், கொசுவுக்கு நடுவே. இரவு ஷிப்டு முடிந்து விடிகாலையில் வந்து அவர் அங்கே படுத்துத் தூங்க, பால்காரனும் தண்ணீர் லாரியும் தலைமாட்டில் கடந்துபோகும். அக்காவுக்கு உள்ளே ஒரு போர்டும் ஒரு பல்பும் இருந்தன. பெரியம்மா அந்தப் போர்டைச் சுற்றிக்கொண்டுதான் சமைத்தாள், துணி மடித்தாள், விருந்தாளிக்குத் தட்டு வைத்தாள். அவளுக்கு ரெட்டு எது, ஃபாலோ எது என்று கடைசிவரை தெரியாது. போர்டின்மேல் மட்டும் எதையும் வைக்க விடமாட்டாள்.

அக்கா மாவட்ட அளவைத் தாண்டவில்லை. ஒருமுறை மாநிலப் போட்டிக்குத் தேர்வானாள். வெளியூர். பன்னிரண்டு வயதுப் பெண்ணைத் தனியாக அனுப்ப முடியாது. கூடப் போக வேண்டுமென்றால் பெரியப்பாவுக்கு நான்கு நாள் கூலி போகும், இரண்டு பேர் டிக்கெட், இரண்டு பேர் சாப்பாடு. அந்த மாதம் ஏற்கெனவே வட்டிக்கு வாங்கியாகிவிட்டது. போகவில்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பிறகு பேசியதில்லை. இப்போது அக்கா திருவொற்றியூரில் இருக்கிறாள், ரேஷன் கடையில் வேலை. காசிமா ஜெயித்த செய்தி வந்த அன்றைக்குப் போன் செய்தாள். "அந்தப் பொண்ணோட அப்பா ஆட்டோ ஓட்றாராம்டா" என்று மட்டும் சொன்னாள்.

மெடல் எதுவும் கொண்டுவராத பெரியப்பாவை வீரர் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. அவர் வீட்டில் ஒரு உலக சாம்பியன் உருவாகவில்லை. உருவாவதற்கு வேண்டியதில் தன் கையில் இருந்த அத்தனையையும் கொடுத்தார். கையில் இல்லாதது ரயில் டிக்கெட் காசு.

*

அதனால்தான் காசிமா கதையில் மற்றவர்கள் கவனித்த தொகையைவிட வேறொரு தொகை என் கண்ணில் பெரிதாகப் படுகிறது. எல்லோரும் பேசியது ஒரு கோடி. அது நியாயமான பரிசு, மறுபேச்சில்லை. ஆனால் அமெரிக்காவுக்குக் கிளம்புவதற்கு முன்னால் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையிலிருந்து காசிமாவுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். 2023-ல் தொடங்கப்பட்ட அறக்கட்டளை அது. விசாவுக்கும் பயணத்துக்கும் கொடுத்த பணம். அப்போது அமெரிக்க விசா மனுவுக்கு மட்டும் 185 டாலர் கட்ட வேண்டியிருந்தது, விசா மறுக்கப்பட்டால் அது திரும்பாது. மேலே விமான டிக்கெட். அந்த ஒன்றரை லட்சம் வந்திராவிட்டால் அந்தக் குடும்பம் எங்கெங்கே கைநீட்ட வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு கோடி என்பது ஜெயித்த பிள்ளைக்கு. அந்த ஒன்றரை லட்சம், ஜெயிப்பாளா என்று யாருக்கும் தெரியாத பிள்ளைக்கு. என் கணக்கில் இரண்டாவதுதான் பெரிய பணம்.

அதற்கும் முந்தைய ஆண்டுகள் இருக்கின்றன. ஆறு, ஏழு வயதில் போர்டில் உட்காரும் ஒரு குழந்தை உலகப் போட்டிக்குத் தகுதி பெறப் பத்து ஆண்டாவது ஆகும். அந்தப் பத்து ஆண்டுக்கும் ஸ்பான்சர் வீட்டில்தான் இருக்கிறார். ஆட்டோ ஓட்டுகிற அப்பா என்றால் அவருடைய வருமானத்தைப் பாருங்கள். 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். பத்து ஆண்டுகளுக்கு மேல் அது திருத்தப்படவே இல்லை. அப்போது லிட்டர் 75 ரூபாயை ஒட்டியிருந்த பெட்ரோல் நூறைத் தாண்டியது. செயலிகள் வந்து கமிஷன் பிடித்தன. 2021-ல் மெட்ரோ புதுவண்ணாரப்பேட்டை வழியாக விம்கோ நகர்வரை நீண்டது. ஊருக்கு நல்லது, ஸ்டாண்டில் நிற்கிறவருக்கு நீளமான சவாரிகள் குறைந்தன. இந்த வருமானத்திலிருந்துதான் பவுடர், ஸ்ட்ரைக்கர், நுழைவுக் கட்டணம், வெளியூர்ப் பயணம் எல்லாம். இதிலிருந்துதான் அந்த ஆறிலிருந்து ஒன்பதும்.

அப்பா பயிற்சியாளராக இருப்பது பாசத்தால் மட்டும் அமைந்ததில்லை. அவர் இல்லையென்றால் வேறு யாரும் இல்லை என்பதும் காரணம். கேரம் ஒலிம்பிக்கில் இல்லை. தொலைக்காட்சி உரிமை விற்றுப் பணம் புரளும் ஆட்டம் இல்லை. பெருநிறுவனங்கள் அகாடமி திறக்க முன்வருவதில்லை. கற்றவர் அடுத்தவருக்குச் சும்மா சொல்லிக்கொடுப்பதால்தான் அது உயிரோடு இருக்கிறது. சொந்த மகளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தவரைச் சுற்றித் தெருப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். எழுந்து போ என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

குத்துச்சண்டையிலும் இதே வழிதான். சென்னைப் பெண் கலைவாணி, அண்ணனுக்கு அப்பா சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துப் பார்த்துக் கையுறை மாட்டியவர். அப்பா இளமையில் தானும் குத்துச்சண்டை போட்டவர். பெண்ணுக்கு இது எதற்கு என்று சொன்னவர்கள் பள்ளியிலும் இருந்தார்கள், சொந்தத்திலும் இருந்தார்கள். 2019-ல் தேசியப் போட்டியில் வெள்ளி வென்றார். அதே ஆண்டு காத்மாண்டுவில் தெற்காசிய விளையாட்டில் 48 கிலோ பிரிவில் தங்கம்.

*

கீர்த்தனாவின் அம்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆட்டம் தெரிந்த அப்பா எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது ஒரு வகை. கணவனை இழந்து, அடுத்தவர் வீட்டில் பாத்திரம் துலக்கிக் குடும்பத்தைக் காப்பாற்றும் ஒரு தாய் செய்வது வேறு வகை, அதை வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் செய்யாத மாதிரிதான் தெரியும்.

நம் ஊரில் வீட்டுவேலை செய்யும் ஒரு தாயின் காலை எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும், நம் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் அவர்கள்தானே. விடியும் முன் தன் வீட்டுச் சமையல், பிறகு இரண்டு மூன்று வீட்டுப் பாத்திரம், துணி, தரை. மதியம் திரும்பினால் சாயங்காலம் மறுபடி ஒரு நடை. லீவு போட்டால் சம்பளத்தில் கை வைக்கும் வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் பதினெட்டைத் தாண்டிய ஒரு பெண் இருந்தால் சுற்றியிருப்பவர்கள் இரண்டே வழிதான் சொல்வார்கள்: ஏதாவது கம்பெனிக்கு வேலைக்கு அனுப்பு, இல்லையென்றால் கல்யாணத்தைப் பார். மகள் கொண்டுவரும் எட்டாயிரமோ பத்தாயிரமோ அந்த வீட்டில் என்னவெல்லாம் மாற்றும் என்பது அந்தத் தாய்க்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். 21 வயதுவரை ஒரு பெண் அந்த வீட்டிலிருந்து கேரம் ஆடி உலகக்கோப்பைக்குப் போக முடிந்திருக்கிறது என்றால், அந்தப் பேச்சுகள் மகளின் போர்டுவரை வந்து விழாமல் நடுவில் ஒருவர் நின்றிருக்கிறார். என் பெரியம்மாவும் அப்படித்தான் நின்றாள். அவளுக்கு ஆட்டம் தெரியாது, அதன் மதிப்பு தெரிந்திருந்தது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கோபம் உண்டு. ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் 'வறுமையை வென்ற வீராங்கனை' என்று தலைப்பு வைக்கிறோம். நம் பத்திரிகைகள்தான் வைக்கின்றன. அந்தத் தலைப்பில் வறுமை ஏதோ பயிற்சி முறை மாதிரி, பிள்ளைகளைப் பட்டை தீட்டுகிற நல்ல காரியம் மாதிரித் தெரிகிறது. வறுமை யாரையும் சாம்பியன் ஆக்கியதில்லை. என் அக்காவை அது மாநிலப் போட்டிக்குப் போகாமல் வீட்டில் உட்கார வைத்தது. அவளைப் போல எத்தனை பேர் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. காசிமாவும் கீர்த்தனாவும் ஜெயித்தது வறுமையால் இல்லை. அது அவர்கள்மேல் முழுதாக விழாதபடி ஒரு அப்பாவும் ஒரு அம்மாவும் தங்கள் முதுகில் தாங்கியதால்.

அந்த முதுகுக்குக் கொஞ்சம் பாரம் குறைக்க என்ன செய்யலாம் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். மாநில, தேசியப் போட்டிகளுக்குப் போகும் சிறுமிக்குப் பயணப்படி கொடுக்கும்போது கூடவரும் ஒருவருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். டிக்கெட் மட்டும் போதாது, அன்றாடங்காய்ச்சி என்றால் அத்தனை நாள் கூலியும் சேர்த்து. துணைக்கு வர ஆளில்லாமல் நின்றுபோகும் பெண் பிள்ளைகளை அந்த ஒரு வரி உத்தரவு ரயிலேற்றிவிடும். வடசென்னையில் மாநகராட்சிப் பள்ளிகளின் வகுப்பறைகள் சாயங்காலம் பூட்டிக்கிடக்கின்றன. ஆறிலிருந்து ஒன்பது வரை இரண்டு அறைகளைத் திறந்து, விளக்குப் போட்டு, நான்கு போர்டு வைத்தால் கட்டிலைத் தாழ்வாரத்துக்குத் தூக்க வேண்டிய அவசியம் எந்த வீட்டுக்கும் வராது. அங்கே வந்து சொல்லிக்கொடுக்கும் ஆட்டோக்காரருக்கும் மீன்பாடி வண்டிக்காரருக்கும் மாதாமாதம் ஒரு மதிப்பூதியம் கொடுக்க வேண்டும், அவர்கள் இழக்கும் அந்த மூன்று மணி நேரச் சவாரிக்கு ஈடாக. உலக சாம்பியன்களுக்குக் கொடுத்த இரண்டு கோடியில் ஒரு சிறு பங்குகூட இதற்கு ஆகாது. பூட்டிய வகுப்பறைக்கும் வெளியே காத்திருக்கும் வாத்தியாருக்கும் செரியன் நகரைச் சுற்றிய தெருக்களில் பஞ்சமில்லை. அடுத்த கல்வியாண்டு தொடங்கும் ஜூனிலேயே இதை ஆரம்பிக்கலாம்.